முன்பருவக் கல்விக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: எந்த வேலை, எந்த அமைப்பு?

“குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்” என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலோர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். நல்ல தொடக்கம்தான். அந்தப் பிரியம் இல்லாதவர் இங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். ஆனாலும் எந்தப் படிப்பில் சேர்வது, எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்விக்குப் பிரியம் மட்டும் விடை தராது. பாதியில் விட்டுப் போகிறவர்களைப் பார்த்தால், குழந்தைகள் மேல் சலிப்பு வந்து போகிறவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. தனக்குப் பொருந்தாத வயதுப் பிள்ளைகளிடம் போய் மாட்டிக்கொண்டவர்களும், சந்தேகம் கேட்க ஓர் ஆள் இல்லாமல் தனியாகவே நாளை ஓட்டியவர்களும்தான் சோர்ந்து போகிறார்கள். இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம். அதற்கான வழியைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வயது?

பிறப்பு முதல் 8 வயது வரை உள்ள காலத்தை முன்பருவம் என்கிறார்கள். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2005-இல் வெளியிட்ட 7-ஆவது பொதுக் கருத்துரையும் ஏறத்தாழ இந்த எல்லையைத்தான் முன்வைக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன.

பிறப்பு முதல் 3 வயது வரை என்றால், நாளின் பெரும்பகுதி பாலூட்டுவதிலும் டயப்பர் மாற்றுவதிலும் தூங்க வைப்பதிலும் போகும். இதைப் பராமரிப்பு என்று தனியாகவும் கல்வி என்று தனியாகவும் பிரிக்க வேண்டாம். டயப்பர் மாற்றும்போது முகம் பார்த்துப் பேசுவதுதான் அந்த வயதின் மொழிப்பாடம். தூக்கிக்கொண்டே இருக்க முதுகில் வலு வேண்டும். அழுகையைக் கேட்டுப் பதறாத மனமும் வேண்டும். பெரிய குழுவை ஒரே ஆள் பார்த்துக்கொள்ளவும் முடியாது. சிறு குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்கத் தேசிய சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி., கைக்குழந்தைகள் என்றால் 4 பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 4 வயதுப் பிள்ளைகளுக்கு அது 10 பேருக்கு ஒருவர் ஆகிறது.

3 முதல் 6 வரை விளையாட்டின் காலம். கேள்விகளும் சண்டைகளும் கற்பனையும் ஒரே நேரத்தில் பொங்கும். “ஆசிரியர்” என்றதும் பலரின் மனக்கண்ணில் வருவது இந்த வகுப்பறைதான். 6 முதல் 8 வரை பள்ளியின் தொடக்க வகுப்புகள். எழுத்து, வாசிப்பு, எண் ஆகியவற்றின் பொறுப்பு கூடும், பாடத்திட்டத்தின் அழுத்தமும் கூடும். பல நாடுகளில் இந்த வயதினருக்குக் கற்பிக்கத் தனி ஆசிரியர் உரிமம் வேண்டும்.

மூன்றும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லாதீர்கள். பிடிக்கலாம். தொடங்குவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த படிகள் தெளிவாகும்.

இரண்டாம் படி: ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கட்டணம் கட்டிப் படிப்பில் சேர்வதற்கு முன், ஒரு மழலையர் பள்ளியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ அனுமதி பெற்று, பெற்றோர் பிள்ளையை விட்டுச் செல்லும் நேரத்திலிருந்து திரும்ப அழைத்துப் போகும் நேரம் வரை இருந்து பாருங்கள். ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பாட்டும் கைதட்டலும்தான் கண்ணில் படும். முழு நாள் இருந்தால்தான் காலையில் அம்மாவின் கையை விடாமல் அழுகிற பிள்ளையை ஆசிரியை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பது தெரியும். சாப்பாட்டு நேரத்துக் களேபரம், மதியம் தூங்க மறுக்கும் பிள்ளை, சாயங்காலம் களைத்துப்போன பெரியவர்களின் குரல் எல்லாம் அப்போதுதான் புலப்படும். சாயங்காலக் குரலைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஓர் இடத்தின் தரத்தை அது ஒளிக்காமல் காட்டிவிடும்.

போகும்போது ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். படம் எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் உண்மைப் பெயரை எழுதவும் வேண்டாம். ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, 10 நிமிடம் அந்தப் பிள்ளை செய்வதை மட்டும் எழுதுங்கள். ஆசிரியப் பயிற்சியில் இதை உற்றுநோக்கல் என்பார்கள். எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் கடினம் தெரியும். “இவன் முரட்டுப் பிள்ளை” என்று கை தானாக எழுதிவிடும். அது உங்கள் தீர்ப்பு. “பக்கத்துப் பிள்ளை லாரியை எடுத்ததும் இவன் அதன் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தான், வரவில்லை, தரையில் உட்கார்ந்து காலை உதைத்தான், ஆசிரியை அருகில் வந்து உட்கார்ந்ததும் அவர் மடியைத் தொட்டான்” என்று எழுதினால் அதுதான் குறிப்பு. தீர்ப்பிலிருந்து எதையும் கற்க முடியாது. குறிப்பை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குக் கேட்டு வாங்கும் சொற்கள் இன்னும் வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம், நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

இப்படி எழுதும்போது நேரம் போனதே தெரியாமல் இருந்தால், இந்தத் துறை உங்களை ஏற்றுக்கொள்ளும். 10 நிமிடம் நீண்டதாகத் தோன்றினாலும் கவலைப்பட வேண்டாம். வேறு வயதுக் குழுவில் இன்னொரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாம் படி: என்னென்ன வேலைகள் இருக்கின்றன

வகுப்பறைக்குள் உள்ள ஏணி எல்லோருக்கும் தெரிந்ததே: உதவி ஆசிரியர், வகுப்பாசிரியர், பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர், நிறுவனத் தலைமை. சிலர் தங்கள் வீட்டிலேயே சிறு குழுவாகப் பிள்ளைகளைச் சேர்த்துப் பராமரிக்கிறார்கள். பல நாடுகளில் அதற்கும் பதிவும் ஆய்வும் உண்டு.

வகுப்பறைக்கு வெளியே உள்ள வேலைகள்தான் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. வளர்ச்சியில் தாமதமோ இயலாமையோ உள்ள பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, குடும்பத்தோடு சேர்ந்து உதவும் தொடக்கநிலை இடையீட்டுப் பணி ஒன்று. வீடுகளுக்கே போய்ப் பெற்றோரோடு உட்கார்ந்து, பிள்ளையோடு விளையாடுவதையும் பேசுவதையும் பழக்கித் தரும் பணி இன்னொன்று. மருத்துவமனைகளில் ஊசிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்னால் பொம்மையை வைத்து விளையாடிப் பிள்ளையின் பயத்தைத் தணிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்று தனிப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து முன்பள்ளிகளில் இரண்டு அருமையான பதவிகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெற்றோர்களே கட்டி எழுப்பிய பள்ளியிலிருந்து வளர்ந்த மரபு அது. லோரிஸ் மலாகுட்ஸி என்ற கல்வியாளர் அதற்கு வடிவம் கொடுத்தார். அங்கே ‘அத்தெலியரிஸ்தா’ என்ற கலைஞர், களிமண், வண்ணம், ஒளி, கம்பி போன்றவற்றைக் கொண்டு பிள்ளைகள் தங்கள் எண்ணங்களை வெளிப்படுத்த உதவுகிறார். ‘பெதகொஜிஸ்தா’ என்பவர் பல பள்ளிகளின் ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களின் குறிப்புகளைப் படித்து, சேர்ந்து யோசிக்கிறார். இந்தப் பெயர்களே எல்லா ஊர்களிலும் இருக்காது. ஆனால் ஓவியம் படித்தவருக்கும், ஆசிரியர்களை வழிநடத்தும் திறன் உள்ளவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு என்பதற்கு அவை சான்று.

இவை தவிர ஆசிரியர் பயிற்சி, ஆராய்ச்சி, உரிமம் வழங்கும் துறைகளில் ஆய்வாளர் பணி, அரசுக் கொள்கை வகுத்தல், பிள்ளைகளுக்கான நூலகம், அருங்காட்சியகம், படப்புத்தகம், விளையாட்டுப் பொருள் வடிவமைப்பு என்று பல கிளைகள். ஒன்று மட்டும் சொல்வேன்: எந்தக் கிளைக்குப் போவதானாலும் சில ஆண்டுகள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்துவிட்டுப் போங்கள். 3 வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறையில் நின்றறியாத ஒருவர் எழுதும் பாடத்திட்டம், அந்த அறையின் ஆசிரியைக்குச் சுமையாகத்தான் முடியும்.

பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைச் சிகிச்சையாளர், குழந்தை உளவியலாளர் ஆகியோரும் இந்த வயதினரோடு பணியாற்றுகிறார்கள். ஆனால் அவை தனித் தொழில்கள், தனிப் பட்டங்கள். முன்பருவக் கல்வி டிப்ளமா மட்டும் வைத்துக்கொண்டு அவற்றுக்குள் நுழைய முடியாது. ஆசை அங்கே இருந்தால் தொடக்கத்திலேயே அந்தப் பாதையைப் பிடியுங்கள்.

நான்காம் படி: படிப்பும் சான்றிதழும்

நீங்கள் வேலை செய்யப் போகும் இடத்தின் சட்டம் என்ன தகுதி கேட்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். உரிமம் வழங்கும் அரசுத் துறையிடமே கேட்பது நல்லது. பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சான்றிதழ், டிப்ளமா, பட்டம், முதுநிலை என்று படிப்புகள் பல அடுக்குகளில் உள்ளன. அடுக்கை விட முக்கியம், அந்தப் படிப்பில் பிள்ளைகளோடு செலவிடும் நேரம் எவ்வளவு என்பது. ஓர் அளவுகோல் சொல்கிறேன். அமெரிக்காவில் பரவலாக ஏற்கப்படும் சி.டி.ஏ. என்ற நுழைவுநிலைச் சான்றுக்கு 120 மணி நேரப் பாடமும் 480 மணி நேரக் களப்பணியும் தேவை. அதாவது பாடத்தைப் போல் 4 மடங்கு பிள்ளைகளோடு. அதன்பின் பணித்தொகுப்பைச் சமர்ப்பித்து, வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வந்து பார்த்து, தேர்வும் எழுத வேண்டும். நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், சேரப் போகும் படிப்பை இந்த விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: களப்பயிற்சி எத்தனை மணி நேரம்? எந்த வயதுப் பிள்ளைகளோடு? நான் வகுப்பு எடுக்கும்போது யாராவது வந்து பார்த்து, பிறகு என்னோடு உட்கார்ந்து பேசுவார்களா? முழுக்க இணையவழியிலேயே முடிந்துவிடும் படிப்பு அறிவைக் கூட்டலாம். அழுகிற பிள்ளையின் முன் எப்படி உட்காருவது என்பதைத் திரை கற்றுத் தராது.

மான்டிசோரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரியா மான்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்ஸோ பகுதியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். 1929-இல் ஏ.எம்.ஐ. என்ற பன்னாட்டு மான்டிசோரி சங்கத்தை நிறுவினார். ஆனால் ‘மான்டிசோரி’ என்ற பெயரைப் பயன்படுத்துவதற்குப் பொதுவாகத் தடை ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே பயிற்சியில் சேரும் முன், சான்றிதழில் கையெழுத்திடுவது யார், எந்தச் சங்கம் அந்தப் பயிற்சியை அங்கீகரித்திருக்கிறது, எந்த வயதுக்கானது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏ.எம்.ஐ. பட்டயங்கள் 0–3, 3–6, 6–12 என்று வயதுவாரியாகப் பிரிந்தவை. 3–6 வயதுக்கான பட்டயத்தை வைத்துக்கொண்டு கைக்குழந்தைகள் அறையை நடத்துவது முறையாகாது. முதல் படியில் வயதை முடிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே தயார் செய்துவிடுங்கள். பல இடங்களில் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: ஒரு தொழில்முறை அமைப்பில் சேருங்கள்

வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். மாணவராக இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். பல அமைப்புகள் மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துத் தருகின்றன.

எதற்காகச் சேர வேண்டும்? மழலையர் வகுப்பில் ஆசிரியர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார். ஆனால் தன் வேலையைப் பற்றி இன்னொரு பெரியவரோடு பேச அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. லிலியன் கட்ஸ் என்ற அறிஞர் 1972-இல் முன்பள்ளி ஆசிரியர்களின் வளர்ச்சியை நான்கு கட்டங்களாக விளக்கினார்: தாக்குப்பிடித்தல், நிலைபெறுதல், புதுப்பித்துக்கொள்ளல், முதிர்ச்சி. முதல் ஓராண்டு முழுக்க “இன்றைய நாள் முடிந்தால் போதும்” என்ற நிலைதான் இருக்கும். அப்போது கூடவே இருந்து தோள் கொடுக்கும் சக ஆசிரியர் தேவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் செய்ததையே திரும்பச் செய்யும் அலுப்பு வரும். வேறு இடங்களில் வேலை செய்பவர்களைச் சந்திப்பதும், சங்கக் கூட்டங்களுக்குப் போவதும், இதழ்கள் படிப்பதும் அப்போதுதான் உயிர் தரும் என்றார் அவர். அலுப்பு வந்த பிறகு ஆட்களைத் தேடுவதை விட, முன்பே அறிமுகம் வைத்திருப்பது நல்லதல்லவா?

எந்த அமைப்பு என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. ஓமெப் என்ற உலக முன்பருவக் கல்வி அமைப்பு 1948-இல் பிராக் நகரில் உருவானது. போரில் சிதைந்த குழந்தைப் பருவத்தை மீட்க வேண்டும் என்ற கவலையில் பல நாட்டவர் கூடி எழுப்பியது அது. அதன் அலகு நாடுவாரியான குழுக்கள்தான். உங்கள் நாட்டில் ஓமெப் குழு இருக்கிறதா என்று பார்த்து, அதன் வழியே சேரலாம். குழந்தை உரிமை, உலக அளவிலான கொள்கை ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

மேலே சொன்ன என்.ஏ.இ.ஒய்.சி. 1926-இல் தொடங்கியது. அமெரிக்க அமைப்பு என்றாலும், வயதுக்கேற்ற கற்பித்தல் பற்றி அது வெளியிட்ட நிலைப்பாடுகளைப் பிற நாட்டு ஆசிரியர்களும் படிக்கிறார்கள். சைல்ட்ஹுட் எஜுகேஷன் இன்டர்நேஷனல் இன்னும் பழையது. 1892-இல் பன்னாட்டுக் கிண்டர்கார்டன் சங்கம் என்ற பெயரில் பிறந்தது. ஆசிய-பசிபிக் நாடுகளில் இருப்பவர்கள் ஆர்னெக் என்ற வட்டார வலையமைப்பைப் பாருங்கள். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஈசெரா என்ற ஐரோப்பிய முன்பருவக் கல்வி ஆராய்ச்சிச் சங்கம். தனித்தேவை உள்ள பிள்ளைகளோடு வேலை என்றால், சிறப்புக் குழந்தைகளுக்கான அமெரிக்க மன்றத்தின் முன்பருவப் பிரிவான டி.இ.சி. வெளியிட்டுள்ள பரிந்துரை நடைமுறைகள் மிகப் பயனுள்ளவை. பிறப்பு முதல் 3 வயது வரை மட்டும் கவனம் வைக்கும் ‘ஜீரோ டு த்ரீ’ 1977 முதல் இயங்குகிறது.

இத்தனையிலும் சேர வேண்டியதில்லை. நேரில் போய் உட்காரக்கூடிய உள்ளூர் அல்லது தேசிய அமைப்பு ஒன்று, இதழும் ஆவணங்களும் படிப்பதற்குப் பன்னாட்டு அமைப்பு ஒன்று. தொடங்க அது போதும். ஊதியம், வேலை நேரம், பணிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் குரல் கொடுப்பது தொழிற்சங்கத்தின் வேலை. தொழில்முறை அமைப்பு அதற்கு மாற்றாகாது. இந்தத் துறையில் பல நாடுகளில் ஊதியம் உழைப்புக்கு ஈடாக இல்லை என்பதால், சங்கம் இருந்தால் அதிலும் சேருவதே நியாயம்.

இப்படிப்பட்ட அமைப்புகள் தரும் ஒரு பொருளை நான் தனியே எடுத்துக் காட்ட விரும்புகிறேன்: தொழில் நெறிமுறை. என்.ஏ.இ.ஒய்.சி. 1989-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, பிள்ளைகள், குடும்பங்கள், சக பணியாளர்கள், சமூகம் என்று நான்கு பக்கத்துப் பொறுப்புகளைப் பேசுகிறது. எதற்கும் மேலாகப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் முதற்கொள்கை. படிக்கும்போது “இது தெரிந்ததுதானே” என்று தோன்றும். வேலையில் இறங்கியதும் அதன் அருமை தெரியும்.

இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இன்னொரு பிள்ளையைக் கடித்துவிடுகிறது என்று வையுங்கள். அந்த வயதில் இது நடக்கக்கூடியதுதான். கடிபட்ட பிள்ளையின் அப்பா சாயங்காலம் வந்து, “யார் கடித்தது? பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறார். அவர் கோபம் நியாயமானது. பெயரைச் சொல்லிவிட்டால் அவர் அமைதியாகிவிடுவார் என்று தோன்றும். ஆனால் மறுநாள் வாசலிலேயே இரண்டு குடும்பங்களும் மோதிக்கொள்ளும், கடித்த பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயரும் வந்து சேரும். ஒரு குடும்பத்தின் விவரத்தை இன்னொரு குடும்பத்திடம் சொல்லாதிருப்பது உங்கள் கடமை. அதே நேரம் அந்த அப்பாவுக்கு உண்மையான பதில் பெறும் உரிமை இருக்கிறது. “பெயரைச் சொல்ல மாட்டேன், உங்கள் பிள்ளையாக இருந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டேன். எந்த நேரத்தில் நடந்தது, காயத்துக்கு என்ன செய்தோம், நாளை முதல் அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்கிறேன்” என்று பேசத் தெரிய வேண்டும். புதியவர் ஒருவருக்கு இந்த வாக்கியங்கள் அந்த நொடியில் தானாக வாயில் வராது. நெறிமுறையைப் படித்திருந்தால், மூத்தவர்களோடு இப்படிப்பட்ட சிக்கல்களை முன்பே பேசிப் பார்த்திருந்தால் வரும். அமைப்புக் கூட்டங்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இந்தப் பேச்சுதான்.

ஆறாம் படி: முதல் வேலை

பணித்தொகுப்பு ஒன்று தயார் செய்யுங்கள். பெரிதாக வேண்டாம். நீங்கள் எழுதிய உற்றுநோக்கல் குறிப்புகளில் சிறந்த இரண்டு, அவற்றை வைத்துத் திட்டமிட்ட ஒரு செயல்பாடு, அது எப்படி நடந்தது என்ற நேர்மையான குறிப்பு, சான்றிதழ்கள். வண்ணத் தாளில் வெட்டி ஒட்டிய அலங்காரத்தை விட, ஒரு பிள்ளையை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பது தேர்வு செய்பவருக்கு அதிகம் சொல்லும்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். என் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? அறையில் இன்னொரு பெரியவர் இருப்பாரா? திட்டமிடவும் குறிப்பு எழுதவும் சம்பளத்தோடு நேரம் உண்டா? நான் கழிவறைக்குப் போக வேண்டுமானால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் இல்லாத இடத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் பதில் இருக்காது. பிள்ளை சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அடிப்பதையோ, இருட்டறையில் உட்கார வைப்பதையோ, மற்றவர் முன் அவமானப்படுத்துவதையோ சாதாரணமாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சேர்ந்த பிறகு முதல் சில மாதங்கள் புதிதாக எதையும் நிரூபிக்க முயல வேண்டாம். பிள்ளைகளின் பெயர்கள், அவர்களைத் தேற்றும் வழிகள், வீட்டுப் பழக்கங்கள், ஒவ்வாமை விவரங்கள் எல்லாம் மனப்பாடமாகட்டும். மூத்த ஆசிரியர் ஒருவரிடம் வாரம் அரை மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிய குறிப்பை மட்டும் எடுத்துப் போங்கள். “என் வகுப்பு சரியில்லை” என்று பொதுவாகப் பேசினால் ஆறுதல்தான் கிடைக்கும். ஒரு பிள்ளையின் ஒரு நாளைப் பேசினால் உதவி கிடைக்கும்.

சேர்ந்த அமைப்பின் கூட்டம் நடக்கும்போது, முதல் தடவை கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அடுத்த தடவை வரவேற்பிலோ குறிப்பெடுப்பதிலோ சிறு பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பேச்சுகளைக் கேட்பதை விட, சேர்ந்து வேலை செய்யும்போதுதான் ஆட்கள் பழக்கமாவார்கள். இரண்டாம் ஆண்டில், உங்கள் வகுப்பில் நடந்த ஒன்றை 10 நிமிடத்தில் பகிர்ந்துகொள்ள வாய்ப்புக் கேளுங்கள். குடும்பத்தின் அனுமதியோடு, பெயரை மாற்றி, லாரியைப் பிடித்து இழுத்த அந்தப் பிள்ளையைப் போன்ற ஒருவரைப் பற்றிய குறிப்பை வாசியுங்கள், உங்களுக்கு இன்னும் விடை தெரியாத கேள்வியோடு நிறுத்துங்கள். அறையில் இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்குவார்கள்.